உபாத்தியாயரைத் தேடும் பெற்றோருக்கு

கிறிஸ்தவப் பெற்றோரே,

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டால் நமது பங்கில் வீட்டுக்கு வீடு கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு நல்ல வாத்தியார் யார்? எங்கே சேர்த்தால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" கோவில் முற்றத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் உப்பளத்து வழியிலும் இதே பேச்சு. வசதியுள்ளவர் சென்னைக்கும் நாமக்கல்லுக்கும் பிள்ளையை அனுப்பி வைக்கிறார். வசதியற்றவர் நகையை அடகு வைக்கிறார். அடகு வைக்க நகையும் இல்லாதவர் பேசாமல் வீடு திரும்புகிறார்.

நல்ல வாத்தியார் எங்கே என்று விசாரிக்கிற நாம், இக்காரியத்தில் நீதி எது என்று விசாரிப்பதில்லை. தன் பிள்ளைக்கு மட்டும் போதனையை விலைக்கு வாங்குவது தகுமா? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இதைச் சற்று நிதானமாய் யோசிப்போம்.

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்வது நலம். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளுக்கு 1984-ஆம் ஆண்டு முதல் நுழைவுப் பரீட்சை இருந்து வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டு, பள்ளி இறுதி மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. மருத்துவப் படிப்புக்கு மட்டும் நாடு முழுவதற்கும் பொதுவான 'நீட்' பரீட்சை 2017 முதல் இங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவை ஆராய 2021-இல் நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. 2020-21-இல் இடம் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 71 பேர் ஒரு முறைக்கு மேல் பரீட்சை எழுதியவர்கள் என்று அக்குழு எடுத்துக்காட்டியது. கல்லூரிக்கும் போகாமல், வேலைக்கும் போகாமல், கட்டணம் கட்டி இன்னுமோர் ஆண்டு படித்துக்கொண்டிருக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? கடலுக்குப் போகிறவர் வீட்டிலும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர் வீட்டிலும் அது எளிதன்று.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது, நல்ல காரியமே. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர் அதில் சேர்க்கப்படவில்லை. நமது கடற்கரையின் ஏழைப் பிள்ளைகளில் பலர் குருக்களும் கன்னியர்களும் நடத்துகிற அத்தகைய பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. அது இருக்கும்வரை நாம் எப்படி நடக்கவேண்டும் என்பதே நமது கேள்வி.

படிப்பு வேறு, வரிசை வேறு. என் மகன் இரசாயனம் கற்றுக்கொண்டால் அதனால் உன் மகனுக்குக் குறைவது ஒன்றுமில்லை. ஒரு திரியிலிருந்து மற்றொரு திரியை ஏற்றினால் முந்தைய விளக்கின் வெளிச்சம் குறைவதில்லை அல்லவா? வரிசையின் சுபாவமோ வேறு. அதில் ஒருவன் ஏறினால் மற்றொருவன் இறங்கித்தான் ஆகவேண்டும். ஆகையால் அறிவுக்காக வாத்தியார் தேடுவது யாருக்கும் தீங்கற்றது. வரிசைக்காகத் தேடுகிறபோதோ, நாம் கண்ணால் காணாத ஒரு பிள்ளையும் அதில் சம்பந்தப்படுகிறது.

அப்படியானால் பிள்ளைக்குத் தனிப்போதனை தேடுவது பாவமோ? அல்ல. அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்றும், நமக்கு அதிக நெருக்கமானவர்கள்மேல் நமக்கு அதிகக் கடமை உண்டு என்றும் வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். தன் பிள்ளையை ஆதரிப்பது பெற்றோரின் முதற்கடமை. பிரயாசைப்பட்டுப் பாடம் சொல்லுகிறவர் நியாயமான கூலி வாங்குவதும் குற்றமன்று. ஆனால் பள்ளியில் சம்பளம் பெற்றுக்கொண்டு, அங்கே சொல்லவேண்டியதைப் பாதியில் நிறுத்தி, மீதியை மாலையில் வீட்டில் விற்பது அநீதி. பள்ளி ஆசிரியர்கள் தனியாகக் கூலிக்குப் பாடம் சொல்வதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது.

பெற்றோருக்கும் ஓர் எல்லை உண்டு. தங்கையின் படிப்பை நிறுத்தி அண்ணனுக்குக் கட்டணம் கட்டுவது அன்பின் ஒழுங்கு அன்று. வட்டிக்கு வாங்கி, "உனக்காகத்தான் இந்தக் கடன்" என்று தினமும் பிள்ளையின் காதில் ஓதுவதும் ஆதரவன்று. அது பதினேழு வயதுத் தோளின்மேல் குடும்பத்தின் கடனை ஏற்றி வைப்பதாகும்.

வாத்தியார் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? வைத்தியர் ஆரோக்கியத்தைக் கொண்டுவந்து சரீரத்துக்குள் வைப்பதில்லை. சுபாவம் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ள உதவுகிறார். அப்படியே ஆசிரியரும் மாணவனின் புத்தி தானே கண்டுகொள்ளத் துணை நிற்கிறார் என்று அதே வேதபாரகர் விளக்குகிறார். நமது முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. முத்துக்குளிப்பு இக்கடலில் 1961-ஓடு நின்றுபோயிற்று. ஆயினும் அது நடந்த விதத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர் கல்லின் பாரத்தோடு ஆழத்தில் இறங்குவார். மற்றொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பார். கயிறு பிடிப்பவர் சிப்பியை எடுக்க முடியாது. மூழ்கியவருக்காக மூச்சு விடவும் முடியாது. ஆனால் கயிறு அசைந்த கணமே மேலே இழுக்கவேண்டும். கூலி எவ்வளவு வாங்கினாலும், அசைவைக் கவனியாதவர் அந்த வேலைக்கு உதவார்.

ஆகையால் வாத்தியாரைத் தெரிந்துகொள்ளும்போது விளம்பரப் பலகையில் உள்ள முகங்களை எண்ண வேண்டாம். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று அவர் முதலில் கேட்கிறாரா? எழுதிய விடைகளைத் திருத்தித் தவறு எங்கே என்று காட்டுகிறாரா? இவனால் முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுகிறாரா? தூங்கவும் பூசைக்குப் போகவும் நேரம் விடுகிறாரா? பயிற்சி நிலையங்களைக் குறித்து 2024 சனவரியில் மத்தியக் கல்வி அமைச்சு வெளியிட்ட நெறிமுறையையும் பெற்றோர் அறிந்திருப்பது நலம். பதினாறு வயது நிறையாதவர்களைச் சேர்க்கலாகாது. இத்தனையாவது இடம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கலாகாது. கட்டணம் முழுவதும் கட்டியபின் நடுவில் விலகுகிற பிள்ளைக்கு மீதிக் காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பன அதில் அடங்கும்.

இனி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் காரியத்துக்கு வருவோம். 1542-இல் நமது கடற்கரைக்கு வந்த அர்ச். சவேரியாரும் வாத்தியார் தேடியவரே. பாரீஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற அவருக்கு இங்கே தமிழ் தெரியாது. நமது பாஷையும் அவர் பாஷையும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிக் கூட்டி, அவர்களோடு மிகுந்த பிரயாசைப்பட்டுச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கற்றதைத் தமக்கென்று வைத்துக்கொண்டாரோ? மணியை அடித்துத் தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போதித்தார். அப்பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அயலாருக்கும் போதிக்கும்படி ஏற்பாடு செய்தார். இச்செய்திகளை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்லுகிறார். ஐரோப்பாவின் கலாசாலைகளில் கல்வி மிகுந்தும் அன்பு குறைந்தும் இருப்பவர்களிடம் போய்ப் பைத்தியக்காரனைப்போல் கூவவேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பங்குக் குருக்களின் பாதுகாவலரான அர்ச். வியான்னி அருளப்பரின் சரித்திரமும் நமக்கு உதவும். குடியானவர் மகனாகிய அவருக்கு இருபது வயதளவில் லத்தீன் படிக்கவேண்டி வந்தது. ஒன்றும் தலையில் ஏறவில்லை. எக்குல்லி என்னும் ஊரின் பங்குக் குருவான பல்லே சுவாமியார் அவரைத் தம் வீட்டில் வைத்துப் படிப்பித்தார். லியோன் நகரத்துக் குருமடத்தில் லத்தீனில் நடந்த பரீட்சையில் அவர் தவறியபோதும் சுவாமியார் கைவிடவில்லை. மறுபடியும் தாய்பாஷையில் கேள்வி கேட்கச் செய்தார். அப்போது பதில் நன்றாய் வந்தது. 1815-இல் வியான்னி குருப்பட்டம் பெற்றார். ஒரு வாத்தியார் பொறுமை இழந்திருந்தால் திருச்சபை ஓர் அர்ச்சியசிஷ்டரான குருவை இழந்திருக்கும்.

ஆகவே நமது கடமை விளங்குகிறது. பரீட்சையைத் தாண்டிய மருத்துவ மாணவர், செவிலியர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படிக்கிறவர் என்று நம் பங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வாரத்தில் இரண்டு மாலை, பங்கு மண்டபத்தில் ஒரு பலகை, பழைய கேள்வித்தாள்கள், வாங்கிப் படித்து முடித்த புத்தகங்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். இப்பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் விளக்கிச் சொல்ல ஆள்தான் வேண்டும். பணம் கட்டிப் படிக்கிற பிள்ளை, தன் குறிப்பேட்டை அயல் வீட்டுப் பிள்ளையோடு பகிர்ந்து உட்காரட்டும். தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனின் கதையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

"அப்படிச் செய்தால் அவன் என் மகனை முந்திவிடுவானே?" என்று ஒரு தாய் கேட்கலாம். அந்தப் பயம் இயல்பானதே. அதை அலட்சியம் செய்யலாகாது. கணக்கிட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் பரீட்சை இது. அத்தனை பேரில் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவனே. அவனுக்கு உதவுவதால் உங்கள் பிள்ளைக்கு வரும் நஷ்டம் ஏறக்குறைய இல்லை. அவனுக்கு வரும் லாபமோ ஆயுள் முழுவதற்கும். ஆயிரத்தில் ஒரு முறை அந்த ஓர் இடத்தால் நம் பிள்ளையே தவறினால்? பிறர்சிநேகத்துக்குச் சில வேளைகளில் விலை உண்டு. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிறுவயது முதல் குறிப்பேட்டை மூடி மறைத்துப் பழகியவனின் கையில், நாளை நம் நோயாளியை ஒப்படைக்க நமக்கு மனம் வருமா?

கடைசியாக ஒன்று. 2017-இல் அரியலூர் மாவட்டத்தில், பள்ளி இறுதிப் பரீட்சையில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் வாங்கிய ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள், மருத்துவ இடம் கிடையாமல் உயிரை மாய்த்துக்கொண்டது நாடறிந்த துயரம். தோணியிலுள்ளவர் கயிற்றின்மேல் கண்ணாயிருப்பதுபோல, பெற்றோரும் பிள்ளையின் முகத்தின்மேல் கண்ணாயிருக்க வேண்டும். சாப்பாடு குறைந்தால், பேச்சு குறைந்தால், இரவில் தூக்கமில்லாதிருந்தால், மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். பிள்ளையை அழைத்து அருகில் உட்கார வையுங்கள். தூத்துக்குடியில் மரியன்னை கல்லூரி 1948 முதலும், வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951 முதலும், மீன்வளக் கல்லூரி 1977 முதலும் எத்தனையோ பேருக்குச் சீவனத்துக்கு வழி காட்டியிருக்கின்றன. சர்வேசுரன் ஒரு பிள்ளைக்கு ஒரே வாசலை வைத்து அனுப்புவதில்லை.

இந்த ஞாயிறு பூசை முடிந்தபின், நல்ல வாத்தியார் யார் என்று கேட்கிற பெற்றோர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கட்டும்: நம் தெருவில் வாத்தியார் கிடையாத பிள்ளை யார்? பனிமய மாதா நம் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியையும், நமக்கு விரிந்த மனதையும் பெற்றுத் தருவாளாக.