ஓட்டைக் குழாய்க்கும் கணக்கு உண்டா?

நம்மில் பலருடைய வீட்டு முற்றத்தில் இரண்டு வாழை, ஒரு முருங்கை, மருதோன்றிச் செடி, மல்லிகைக் கொடி என்று ஏதேனும் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு ரப்பர் குழாயும் இருக்கும். வெயிலில் கிடந்து கிடந்து அது ஒருநாள் வெடித்துவிடுகிறது. முதல் நாள் பார்த்து, 'அடடா!' என்கிறோம். இரண்டாம் நாள் ஒரு கந்தைத் துணியைச் சுற்றி வைக்கிறோம். பத்தாம் நாள் அந்தத் துணியும் நனைந்து ஒழுகுகிறது. ஆனால் அது நம் கண்ணில் படுவதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

வட்டியும் சூதும் மதுவும் மலிந்து கிடக்கும்போது ஓட்டைக் குழாயைப் பற்றியா எழுதுவது என்று சிலர் கேட்கலாம். பெரும் பாவங்களைக் கண்டால் நம் உள்ளம் திடுக்கிடுகிறது. பழகிப்போன சிறு குறைகளைக் கண்டு அது திடுக்கிடுவதில்லை. ஆகவேதான் அவற்றைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஓட்டையை அப்படியே விட்டு வைப்பதற்கு நாம் மனத்துக்குள் மூன்று சமாதானங்கள் சொல்லிக்கொள்கிறோம். 'தண்ணீர் நம்முடையது' என்பது ஒன்று. 'இதனால் யாருக்கும் நஷ்டமில்லை' என்பது இரண்டு. 'நாமாகக் கொட்டவில்லை, அதுவாகக் கசிகிறது' என்பது மூன்று. ஒவ்வொன்றையும் மார்க்கத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

நம்முடைய தண்ணீரா?

கிணறு நம்முடையது, மோட்டார் நம்முடையது, மின்சாரக் கட்டணமும் நாமே கட்டுகிறோம். உலக வழக்கில் இது சரிதான். ஆனால் தண்ணீரின் மீது மார்க்கம் நமக்குத் தந்துள்ள உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் வந்திருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைப் பிறருக்கு விடாமல் தடுத்து வைப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலக்கியிருப்பதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். மிஞ்சியதைத் தடுத்து வைக்கவே உரிமை இல்லாதவனுக்கு, அதைப் பாழாக்க மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது?

திருமறையின் 7ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தில், உண்ணவும் பருகவும் அனுமதி வழங்கிய இடத்திலேயே அல்லாஹ் வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறான். ஹலாலான பொருளை அளவு மீறிச் செலவிடுவதைப் பற்றிய தடை இது. இதைத்தான் இஸ்ராஃப் என்கிறோம். 'என் சொந்தப் பொருள்தானே' என்ற பேச்சு இங்கே எடுபடாது. சொந்தப் பொருளில்தானே இஸ்ராஃப் நிகழ்கிறது! மறுமையில் கேள்வி கேட்கப்படும் நிஃமத்துகளில் குளிர்ந்த நீரும் ஒன்று என்பதைத் திர்மிதீயில் வரும் ஹதீஸ் நமக்கு நினைவூட்டுகிறது.

யாருக்கு நஷ்டம்?

ஊதாரியைப் பற்றிப் பேசும்போது, 'பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்' என்கிறோம். தண்ணீரை மட்டும் கணக்குப் பாராமல் செலவழிக்கலாம் என்பது போல நம் பேச்சு அமைந்துவிட்டது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமே! ஓட்டையின் கீழே ஒரு லிட்டர் செம்பை வையுங்கள். ஒரு நிமிடத்தில் அது நிரம்புகிறது என்று கொள்வோம். தினமும் அரை மணி நேரம் பாய்ச்சினால் 30 லிட்டர். மாதம் 900 லிட்டர்.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்வார்கள் என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்த அளவை ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று கணக்கிடுவோர் பலர். ஹனஃபீ மத்ஹபின் கணக்கில் சற்றுக் கூடும். முக்கால் லிட்டர் என்றே வைத்துக்கொண்டால், அந்த 900 லிட்டர் 1,200 முறை ஒளுச் செய்யக் காணும். ஒருவர் ஐவேளைக்கும் தனித்தனியே ஒளுச் செய்தாலும் மாதத்துக்கு 150 முறைதான். ஆக, எட்டுப் பேருடைய ஒரு மாத ஒளுத் தண்ணீர் நம் முற்றத்தில் சேறாகிக் கிடக்கிறது!

நஷ்டம் யாருக்கு என்பது ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது. குழாயின் நுனியில் போய்ப் பார்க்க வேண்டும். வழியில் ஒழுகிய அளவுக்கு நுனியில் வேகம் குறைகிறது; கடைசியில் நிற்கும் செடி வாடுகிறது. வாய்க்கால் பாசனத்தில் இதைக் கடைமடை என்பார்கள். தலைமடையில் கரை உடைந்தால் கண்ணீர் விடுகிறவன் கடைமடைக்காரன். ஊர்க் குடிநீர்க் குழாயிலும் இதே நிலைதான். தெருக்கோடியில் குடத்தை வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு, தனக்கு வர வேண்டிய தண்ணீர் யார் வீட்டு முற்றத்தில் போயிற்று என்பது தெரியாது. நமக்கும் அவள் முகம் தெரியாது. முகம் தெரியாததால் அவளுடைய ஹக்கு இல்லாமல் போய்விடுமா?

கிணற்று நீரும் இப்படித்தான். நம் கிணற்றில் நீர் இறங்கினால் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் இறங்குகிறது. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தார்களே, அது நேற்று நடந்தது போல இருக்கிறது.

சரி, தண்ணீர் பெருக்கெடுத்து ஓடும் ஆற்றங்கரையில் இருக்கிறோம். அங்கே யாருக்கும் குறைவில்லை. அங்கேயாவது தாராளமாக இருக்கலாமா? ஹஜ்ரத் ஸஅத் (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் விரயத்தைக் குறித்து எச்சரித்தார்கள் என்றும், ஒளுவிலுமா விரயம் உண்டு என்று அவர் கேட்டபோது, ஓடும் ஆற்றின் கரையிலும் உண்டு என உணர்த்தினார்கள் என்றும் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனினும், கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்வது விலக்கப்பட்டதே என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருப்பதாக, கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆற்றங்கரையில் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் தடை எதற்கு? அங்கே கெட்டுப்போவது தண்ணீர் அல்ல, மனம். ஆற்றங்கரையில் அளவு மீறிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தவுடன் அளந்து ஊற்றுமா? நிஃமத்தை நிஃமத்தாகப் பார்க்கும் பார்வை மங்கிவிட்டால் ஷுக்ரு எங்கிருந்து பிறக்கும்?

அதுவாகவா கசிகிறது?

மூன்றாவது சமாதானத்தில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது தீனின் அடிப்படை. இரவில் நாம் அறியாமல் குழாய் வெடித்து விடியும்வரை ஓடினால், அது நஷ்டம்தான், பாவம் ஆகாது. ஆனால் கண்ணால் கண்ட பிறகு? மறுநாள் காலையில், ஓட்டை இருப்பது தெரிந்தே தண்ணீரைத் திறந்து விடுகிறோம். திறந்தது நம் கை அன்றோ! அறியாமல் போனது கண்ட நாளோடு முடிந்தது. அதன் பின் ஒழுகுவதெல்லாம் நம் கணக்கில் சேருகிறது.

ஃபிக்ஹுச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. அமானிதமாக ஒப்படைத்த பொருள் தானாக அழிந்தால் அதை வைத்திருந்தவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. அவருடைய அலட்சியத்தால் அழிந்தால் கட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குழாயென்றால் இன்னும் கவனம் தேவை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த உபயோகத்தால் தேய்ந்ததைத் தவிர மற்றச் சேதத்துக்கு இரவல் வாங்கியவரே பொறுப்பு. ஹனஃபீ மத்ஹபில் அவர் வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோ பொறுப்பு.

பள்ளிவாசல் குழாயோ வக்ஃபுச் சொத்து. அது ஒழுகினால், முத்தவல்லி பார்த்துக்கொள்வார் என்று ஜமாஅத்தார் போகிறார்கள்; மோதினார் பார்த்துக்கொள்வார் என்று முத்தவல்லி இருக்கிறார்; சொன்னால்தானே செய்ய முடியும் என்று மோதினார் நினைக்கிறார். எல்லாரும் ஒளுச் செய்துவிட்டு அந்த ஈரத்தைத் தாண்டித்தான் தொழப் போகிறார்கள்!

செப்பனிடுவதும் நல்ல அமலே

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள், கிழிந்த துணியைத் தாமே தைப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பழுதானதைச் சரி செய்வது கௌரவக் குறைவு என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சிறிய வெடிப்புக்காக முழுக் குழாயையும் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதும் பொருளைப் பாழாக்குவதே.

வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. வெடித்த பகுதியை மட்டும் நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். இரு முனைகளையும் சற்று நேரம் சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் இளகும். கடையில் கிடைக்கும் இணைப்புத் துண்டை நடுவில் செருகி, இரு பக்கமும் கிளிப் போட்டுத் திருப்புளியால் முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் கிளிப்பே குழாயை அறுத்துவிடும். குழாயை மாட்டும் வாயில் கசிந்தால் உள்ளே இருக்கும் வாஷரைப் பாருங்கள். விறைத்துப் போயிருக்கும், மாற்றினால் போதும். ஊசித் துளைதான் என்றால் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றிக் கட்டினால் கொஞ்ச காலம் தாங்கும். வேலை முடிந்ததும் நீரை வடித்துவிட்டு நிழலில் சுருட்டி வையுங்கள். வெயில்தான் குழாய்க்கு எமன். நுனியை அடைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தே வைக்கும் பழக்கமும் அதை வெடிக்க வைக்கும்.

இதில் வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாய் எண்ணிக்கொண்டு வீட்டாரை வதைப்பது மார்க்கம் ஆகாது. கசியும் நீர் வாழையடிக்கே போகிறது, வாழைக்கும் அது தேவை என்றால் அதில் விரயமில்லை. குழாய் நெடுகிலும் வெடித்துப் போயிருந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம். பழையதில் நல்ல துண்டுகளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலையைச் செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்பை முடுக்கவும் தண்ணீரைத் திறந்து பார்க்கவும் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். நாம் நட்ட மரத்தின் கனியை மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நமக்கு ஸதகா ஆகும் என்ற நபிமொழியையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள். அந்த மரத்தின் வேர்வரை தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாயைச் செப்பனிடுவதும் அந்த நன்மையில் ஒரு பங்கு என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

வல்ல அல்லாஹ், அவன் தந்த நிஃமத்துகளை அளவறிந்து பயன்படுத்தும் நல்லறிவையும், கண்ட குறையைக் கண்ட அன்றே சரிசெய்யும் தவ்ஃபீக்கையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.