மதிலுக்குள் வந்த அயலான்

பழைய நகரொன்றின் நடுவே புதிய கட்டடம் எழுப்ப வருபவன், அங்கு வாழ்வோருக்கு எவ்வகையில் கடன்பட்டவன்? நகரின் அழகைக் குலைக்காமலிருந்தால் போதுமா? மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகச் செலவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? நகர நடுவில் இடம் தேடும் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் இன்று தாராளமாகவே வாக்களிக்கின்றன. ஆனால் வினா அங்கே முடிவதில்லை. இத்தாலியின் ஊர்பினோ நகரை எண்ணும்போது இது தெளிவாகிறது.

ஓவியர் ரஃபேல் 1483-இல் பிறந்த ஊர் அது. மலைமேல் மதில் சூழ நிற்கும் செங்கல் நகரம். அதன் பல்கலைக்கழகம் 1506-இல் தோன்றியது. 1947 முதல் 2001-இல் இறக்கும்வரை அதன் ரெக்டராக இருந்த கார்லோ போ, கத்தோலிக்க இலக்கியத் திறனாய்வாளர். அவர் துணைக்கு அழைத்த கட்டடக்கலைஞர் ஜான்கார்லோ தெ கார்லோவோ, அதிகாரம் எதையும் ஐயுறும் அராஜகவாதக் கொள்கையினர். இவ்விருவரின் நீண்டகால நட்பு தனிக் கட்டுரைக்கு உரியது.

தெ கார்லோ வரைவதற்கு முன் ஊரை வாசிக்க வேண்டும் என்றார். தெரு ஏன் வளைகிறது, சுவர் எக்காலத்தது, மக்கள் எவ்வழியே நடக்கிறார்கள் என்று பார்த்து அறிவதையே அவர் வாசிப்பு என்றார். 1958 முதல் 1964 வரை நகரத் திட்டம் வகுத்த பின்னர், 1968-க்கும் 1976-க்கும் இடையே கல்வியியல் புலத்துக்கான கட்டடத்தை அமைத்தார். அதற்கெனத் தெரிந்தெடுத்த இடம் மதிலுக்குள் இருந்த பழைய துறவு மடம். அதன் புறச்சுவர்களை இடிக்கவில்லை. தெருவில் செல்பவர் கண்ணுக்குப் பழைய செங்கற்சுவரே தெரியும். உள்ளே சென்றால்தான், மேலிருந்து ஒளி பொழியும் பெருங்கண்ணாடிக் கூரையின் கீழ் அரைவட்டமாய் இறங்கும் விரிவுரை மண்டபமும், வட்டவடிவ முற்றமும் புலப்படும்.

சிக்கனம் என்பதும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. அச்செங்கற்களைச் சுட எரித்த விறகு என்றோ எரிந்துவிட்டது. சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோமாயின், பண்டையோர் உழைப்பை வீணாக்கி, வருங்காலத்தவர் எரிபொருளையும் செலவழிப்போம். இடிக்காமல் காப்பது இவ்விரு தலைமுறையினருக்கும் நாம் செய்யும் நீதி.

சரி, இன்று அத்தெருவில் வாழும் தலைமுறைக்கு?

இங்கேதான் மனம் தயங்குகிறது. ஊர்பினோவின் மாணவர் தொகை, ஊரார் தொகையோடு ஒப்பிடத்தக்க அளவுக்குப் பெருகியது. பல்கலைக்கழகம் வந்ததால் இடிபாடுகள் உயிர்பெற்றன. கடைகளுக்கும் பிழைப்பு கிடைத்தது. அதேவேளை மதிலுக்குள் இருந்த வீடுகள் பலவும் மாணவருக்கு வாடகை அறைகளாயின. குடும்பங்கள் வெளியே குடிபெயர்ந்தன. சுவரைக் காத்தவர்கள் சுவருக்குள் வாழ்ந்தவர்களைக் காத்தார்களா? மாணவர் தங்குமிடங்களை மதிலுக்கு வெளியே, கப்புச்சின் துறவியர் மடத்தை அடுத்த குன்றில், 1962 முதலே தெ கார்லோ கட்டத் தொடங்கியிருந்தார். கற்பது உள்ளே, உறங்குவது வெளியே என்பது நல்ல பங்கீடுதான். ஆயினும் அறை தேடுவோர் அனைவருக்கும் குன்று இடம் தரவில்லை. வாடகையின் வலிமைக்கு முன் வரைபடம் எளியது.

இதற்காக அந்தக் கட்டடத்தைக் குற்றஞ்சாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சுவரும் வாடகையைக் கட்டுப்படுத்தாது. அது நகர மன்றமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் மண்டபத்தின் கதவு ஊராருக்கும் திறக்குமா, முற்றத்தில் முதியவர் ஒருவர் அனுமதியின்றி அமரலாமா என்பவை கட்டுபவர் கையில் உள்ளவை. துறவு மடத்தின் சுவர் உலகை விட்டு விலகி நிற்பதற்காக எழுந்தது. அதற்கு நியாயம் உண்டு. கல்விக்கூடம் அதே சுவரைப் பெற்றுக்கொள்ளும்போது அந்த நியாயம் கூடவே வருவதில்லை.

யாரைக் கேட்டுக் கட்டுவது என்பதில் தெ கார்லோ பின்னர் இன்னும் ஒரு படி சென்றார். தெர்னி நகரில் எஃகு ஆலைத் தொழிலாளருக்காக 1969-இல் வீடுகள் திட்டமிட்டபோது, குடியிருக்கப்போகும் தொழிலாளரோடு கலந்து பேசாமல் வரைய அவர் இசையவில்லை. அக்கூட்டங்கள் வேலை முடிந்து களைத்த மாலையில் அல்ல, ஆலை கூலி கொடுக்கும் பணிநேரத்திலேயே நடக்க வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றார். பல்கலைக்கழகங்கள் இன்று நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு, கடையைப் பூட்டிவிட்டு வரவேண்டிய தெருக்கடைக்காரருக்கு அந்நேரக் கூலியை யார் தருகிறார்கள்?