பாட்டியை இழந்த அரசனும் பல்லாவரத்துப் பந்தலும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1911-ல் பல்லாவரத்தில் வந்து குடியேறினார் சுவாமி வேதாசலம். பிற்காலத்தில் மறைமலையடிகள் என்று நாடறிந்தவர். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’. 1933-ல் இன்னொரு நூல் எழுதினார்: ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’. இறந்தபின் என்ன ஆகிறோம், இறக்காமல் எவ்வளவு காலம் இருக்கலாம் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கின்றன. அவர் பல்லாவரத்துக்கு வந்த காலத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 25 ஆண்டைக்கூட எட்டவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் நூறாண்டு வாழ்வதைப் பற்றி எழுத வேண்டுமானால், மனித உடம்பின்மேல் பெரிய மரியாதை இருந்திருக்க வேண்டும்.

அடிகள் 1950 செப்டம்பர் 15 அன்று தம் 74-வது வயதில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மகள் நீலாம்பிகை அம்மையார் போய்விட்டார். தந்தையின் தனித்தமிழ்ப் பணியில் தோளோடு தோள் நின்று, தாமும் நூல்கள் எழுதிய மகள். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. ஆயுளைப் பற்றி அத்தனை யோசித்தவர் மகளின் சாவைப் பார்க்க நேர்ந்தது.

அடிகள் சார்ந்திருந்த சைவ மரபில் வயதைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அப்பர் 81 ஆண்டு இருந்தார், மாணிக்கவாசகர் 32, சுந்தரர் 18, சம்பந்தர் 16 என்று மரபு சொல்கிறது. நால்வரும் சந்நிதியில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பதினாறு வயதில் போனவரை அரைகுறை என்றோ, எண்பத்தொன்றில் போனவரைப் போதுமான அளவு இருந்தவர் என்றோ எந்த அடியாரும் சொன்னதில்லை. கோயிலில் கடைப்பிடிக்கும் இந்த நியாயத்தைச் சாவு வீட்டு வாசலில் மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி இறந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாசலில் ஷாமியானா, வாடகை நாற்காலிகள், கூடத்தில் ஐஸ் பெட்டி, மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். மேளக்காரர்கள் வந்துவிடுவார்கள், பூப்பல்லக்குக்குச் சொல்லியனுப்பியாகிவிடும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது வயதைத்தான். “தொண்ணூத்தாறா? நல்லா வாழ்ந்துட்டாங்கப்பா. கல்யாணச் சாவு. எதுக்கு அழறே?” என்பார்கள். அழுதுகொண்டிருக்கும் பேத்தி முகத்தைத் துடைத்துக்கொள்வாள், ஏதோ தவறு செய்தவளைப்போல.

அந்தப் பேத்தியின் பக்கம் ஓர் அரசன் நிற்கிறான். பௌத்தர்களின் பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில், ‘பாட்டி’ என்ற சொல்லாலேயே வழங்கும் ஒரு சிறு சூத்திரம் இருக்கிறது. கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒரு நடுப்பகலில் புத்தரிடம் வருகிறான். இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்கிறார். தன் பாட்டி இறந்துவிட்டாள் என்கிறான் மன்னன். மூத்துத் தளர்ந்தவள், வாழ்நாளின் கரையைத் தொட்டவள், வயது 120 என்றும் சொல்கிறான். அதே மூச்சில், அவள் எனக்கு மிகவும் பிரியமானவள் என்கிறான். சிறந்த யானையைக் கொடுத்தால் அவள் சாகமாட்டாள் என்றால் யானையைக் கொடுத்திருப்பேன். குதிரை, ஊர், நாட்டின் ஒரு பகுதி என்று கொடுக்கத் தயாராயிருந்தவற்றின் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது.

நூற்றிருபது வயதுப் பாட்டி சாகாமல் இருக்க ஒரு மாகாணத்தையே கொடுப்பேன் என்ற மன்னனிடம் புத்தர் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். 120 போதாதா என்று அவர் கேட்கவில்லை. எல்லா உயிர்களுக்கும் சாவு உண்டு, குயவன் வனைந்த கலங்கள் பச்சையானாலும் சுட்டதானாலும் கடைசியில் உடையத்தான் வேண்டும் என்றார். அந்தப் பதிலை அப்படியே ஒரு குழந்தையை இழந்தவரிடமும் சொல்லலாம். வயதைச் சொன்னவன் மன்னன். ஆறுதல் சொன்னவர் அந்த வயதைத் தொடவே இல்லை.

நம் வீட்டு ஆறுதலும் புத்தரின் ஆறுதலும் கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் அடியில் வேறு வேறு. எல்லோருக்கும் சாவு உண்டு என்று சொல்பவர் துக்கப்படுகிறவரோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறார், அந்த ‘எல்லோரில்’ தானும் உண்டு என்பதால். அவங்களுக்கு வயசாகிடுச்சு என்பவரோ துக்கத்துக்கு ஓர் அளவுகோலை நீட்டுகிறார். அந்த அளவுகோலின்படி இருபது வயதுக்கு நிறைய அழலாம், ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைத்து, தொண்ணூறுக்குச் சிரித்த முகத்தோடு வழியனுப்ப வேண்டும். அன்பு இப்படித் தேய்வதாக யாருடைய வாழ்க்கையும் சொல்லவில்லை. எழுபது வயது மகன், தாயில்லாத ஒரு நாளைக்கூட அதுவரை பார்த்ததில்லை. எழுபது ஆண்டுப் பழக்கம் ஒரு காலையில் நின்றுபோகிறது. சின்ன வயதிலேயே தாயை இழந்தவனுக்கு வாழ்க்கை வேறுவிதமாகப் பழகிவிடுகிறது. அந்த எழுபது வயதுக்காரருக்கு இனிப் பழகிக்கொள்ளக் காலமும் குறைவு.

போவது ஓர் ஆள் மட்டும் இல்லை என்பதும் உண்டு. பல்லாவரத்தில் 1920-களின் கடைசியில் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியபோது அவள் குழந்தை. குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயர் பக்கத்து ஊருக்கே பெயராக ஒட்டிக்கொண்டதும், திரிசூலம் பக்கத்து மலைகள் கல்குவாரிகளால் கரைந்ததும், பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு துரைப்பாக்கம் ரேடியல் சாலை போனதும் அவள் வாழ்நாளுக்குள்தான். ஏரி முழுசாக இருந்தபோது காற்று எப்படி வரும் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. அது அவளிடம் இருந்தது.

கல்யாணச் சாவு என்ற வழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அது தமிழரின் பெரிய கொடை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும், கொள்ளுப்பேரன் தங்கப்பூ போடுவதும், பிறந்த வீட்டுக் கோடி வந்து சேர்வதும் சாமானியமான சடங்குகள் அல்ல. அண்ணன் தம்பி எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் தம்பியின் பேரன் ஒருவன் எங்கிருந்தோ புடவையோடு வந்து நிற்கிறான். எண்பது ஆண்டுக்கு முன் அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணை, அவளைப் பார்த்தேயிராத தலைமுறை ஒன்று தங்கள் வீட்டுப் பெண் என்று ஒப்புக்கொள்கிறது. பறையும் ஆட்டமும்கூட அழுகைக்கு எதிரானவை அல்ல. மேளச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதவர்கள் எத்தனையோ பேர். கொண்டாடு என்று சொல்வது சடங்கு. அழாதே என்று சொல்வது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. நீண்ட ஆயுளைப் போற்றுவதற்கு நம்மிடம் வரிசையாகச் சடங்குகள் உண்டு. அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எண்பதைக் கடந்து ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். இவற்றைச் செய்யத் திருக்கடையூருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஆனால் நாள் குறிப்பது கணவரின் வயதை வைத்து. தம்பதியாக மணையில் உட்கார வேண்டும், மீண்டும் தாலி கட்ட வேண்டும். கணவன் மனைவியைவிட மூத்தவனாயிருப்பது நம் கல்யாண வழக்கம், பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்வது உடம்பின் இயல்பு. ஆகவே தொண்ணூறை எட்டும் பாட்டிகளில் மிகப் பெரும்பாலோர் கணவரை எப்போதோ இழந்தவர்கள். எவள் உண்மையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தாளோ அவளுக்கென்று அந்த வரிசையில் ஒரு மணை கிடையாது. பேத்தியின் கல்யாணத்தில் ஆசீர்வாதத்துக்குக் கூப்பிடும்போதுகூடத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. அந்த ஆயுளுக்காக ஊர் கூடி, பூ கொட்டி, மேளம் வைத்த முதல் விழா அவளுடைய சாவு. இப்போது சில வீடுகளில் பாட்டியின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து புதுப்புடவை எடுத்துக் கொடுத்து, விழுந்து கும்பிட்டு, கேக்கும் வெட்டுகிறார்கள். அதை வெளிநாட்டுப் பழக்கம் என்று முகம் சுளிக்க வேண்டாம். சாஸ்திரம் விட்டுவைத்த இடத்தைப் பேரப்பிள்ளைகள் நிரப்புகிறார்கள்.

முதுமையைக் கண்டு அஞ்சிய கதைகளும் நம்மிடம் உண்டு. பல்லாவரம் மண்ணுக்கடியில் பெருங்கற்காலத்து ஈமத்தாழிகளும் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்திருக்கின்றன. தாழிகளைப் பற்றித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சொல்வது இது: அந்தக் காலத்தில் கிழவன் கிழவிகளுக்குச் சாவே வராது, வற்றி வற்றிக் குழந்தைபோல் சுருங்கிவிடுவார்கள், பார்த்துக்கொள்ள முடியாமல் போகும்போது தாழியில் உட்காரவைத்துச் சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள். தாழியைத் தோண்டிப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. இறந்தவர்களைப் புதைத்ததும், பல இடங்களில் எலும்புகளை மட்டும் எடுத்து இட்டதுந்தான் அங்கே தெரிகிறது. குழந்தைகளின் எலும்புகளும் தாழிகளில் உண்டு. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறாள். தாழி அன்பின் பாத்திரமாயிருந்தது. அதைக் கைகழுவும் பாத்திரமாக்கியது பின்னால் வந்த கற்பனை.

அந்தக் கற்பனை கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விருதுநகரும் அதைச் சுற்றிய தென்மாவட்டப் பகுதிகளும் அறிந்த தலைக்கூத்தல், முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாவுக்கு அனுப்பிவிடுவது. 2010 வாக்கில் நாளேடுகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இதை வைத்து எடுத்த ‘பாரம்’ படம் 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வாழ்ந்தது போதும் என்ற சொல்லை இறந்தவருக்குச் சொல்லிப் பழகிய நாக்கு, உயிரோடு இருப்பவருக்கும் அதைச் சொல்லத் துணிகிறது. சாவு வீட்டு ஆறுதலில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

பாட்டி சுமை என்ற எண்ணத்துக்கு மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குச் சொன்னது. அத்தகைய கல்லாயுதங்களோடு வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைத்த மனித இனத்தில், பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பெண்கள் ஏன் இத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்று மானுடவியலாளர்கள் கேட்டார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆராய்ந்த கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், வயதான பெண்கள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கண்டார்கள். மனித ஆயுள் நீண்டதற்கே பாட்டிகள் ஒரு காரணம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் எவர் கையால் சோறு உண்டு வளர்ந்தோம் என்று நினைத்துப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது.

நெடுங்காலம் வாழ்கிறவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அதியமான் நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். அவனுடைய சாவுக்கு இரங்கல் பாட ஔவை இருந்தார், புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது. உலகில் மிக அதிக காலம் வாழ்ந்தவராகப் பதிவான பிரான்சின் ழான் கால்மான் 1875-ல் பிறந்தவர், மறைமலையடிகளுக்கு ஒரு வயது மூத்தவர். 122 வயதில் 1997-ல் இறந்தார். ஒரே மகள் 1934-லும் ஒரே பேரன் 1963-லும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். நூறைத் தொட்ட ஒரு பாட்டி, கணவர், உடன்பிறந்தோர், தோழிகள், சிலசமயம் பிள்ளைகள் என்று அத்தனை பேருக்கும் அழுது முடித்தவள். எல்லோருக்காகவும் அழுதவளுக்கு அழ வேண்டாம் என்பது எந்த வகையில் நியாயம்?

நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதிலும் மரபு கண்டிப்பாகவே இருக்கிறது. திதி கொடுக்கும்போது தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வார்கள். அதற்கு மேலே பெயர் கிடையாது. பசேனதியின் பாட்டிக்கு அதுவும் இல்லை. அவன் கொடுக்கத் தயாராயிருந்த யானையும் குதிரையும் அந்தச் சூத்திரத்தில் பதிவாகியிருக்கின்றன, அவள் வயதும் பதிவாகியிருக்கிறது, பெயர் மட்டும் அதில் இல்லை. இன்றைய வீடுகளிலும் ஆயா, அம்மாச்சி, அப்பாயி என்று வாழ்நாள் முழுதும் கூப்பிட்ட பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டியின் முழுப்பெயரும் அவள் பிறந்த ஊரும் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துத்தான் தெரியவருகின்றன. பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் கூடும்போது பந்தியில் ஒரு மூத்தவராவது இருப்பார், அவள் கல்யாணமாகி வந்த வருஷம், வளர்த்த மாடு, ஏரிக்கரையில் துணி துவைத்த தோழிகளின் பெயர்கள் எல்லாம் தெரிந்தவராக. பேத்தி அவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காரட்டும். இடையிடையே அழுதாலும் யாரும் தடுக்க வேண்டாம்.