கயிலைப் பாதையில் உடல்

கயிலை மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். யாத்ரீகர்களில் பெரும்பாலோர் மூன்று நாளில் அதை நடந்து முடிக்கிறார்கள். இரண்டாம் நாள் கடக்கவேண்டிய டோல்மா லா கணவாய் சுமார் 5,630 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும்போல் நூற்றுக்கு இருபத்தொன்றுதான் என்றாலும், அழுத்தம் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு மூச்சிலும் பாதிப் பங்குதான் உள்ளே போகிறது. சைவருக்குக் கயிலை சிவபெருமானின் இருப்பிடம். சமணருக்கு முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் முத்தி பெற்ற அட்டாபதம். பௌத்தரும் திபெத்தின் பழைய பொன் சமயத்தாரும் அதே மலையைத்தான் வலம் வருகிறார்கள். பொன் சமயத்தார் மட்டும் எதிர்த்திசையில் நடப்பார்கள். எந்தத் திசையில் நடந்தாலும், யார் பெயரைச் சொன்னாலும், மூச்சுக்குக் கிடைப்பது அந்தப் பாதிதான்.

உடல் இந்தக் குறைவுக்குப் பழகிக்கொள்ளும். நாள் மட்டும் வேண்டும். முதலில் மூச்சு வேகமாகிறது. அதனால் இரத்தத்தில் ஏறும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லக் கழித்து வெளியேற்றுகின்றன. இதற்குச் சில நாட்கள் ஆகும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். யாத்திரைக் கணக்கு வேறு. திதி காத்திருக்காது, விடுமுறை நீளாது, பணம் கட்டிய பயணத் திட்டத்தில் ஓய்வு நாளுக்கு இடமும் இருப்பதில்லை. நேபாளத்தின் சமவெளி ஊரான நேபாள்கஞ்சிலிருந்து விமானமும் ஹெலிகாப்டரும் மாறி மாறி ஏறிச் செல்கிறவர், உடல் பழகுவதற்குள் திபெத்தின் பீடபூமியில் நிற்கிறார். நேபாளத்தில் 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோசாயிகுண்டத்துக்கு ஆவணி அவிட்டப் பௌர்ணமியில் ஏறும் பக்தர்களை மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தின் குழு ஆராய்ந்து, முடிவை 2000-ல் வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மலைநோய் கண்டிருந்தது.

தலைவலி, குமட்டல், அயர்ச்சி, தலைசுற்றல் என்று தொடங்குவது இந்த நோயின் மிதமான வடிவம். அத்தோடு நின்று ஏற்றத்தையும் நிறுத்தினால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பொருட்படுத்தாமல் மேலே போனால் இரண்டு விதமாக முற்றலாம். நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இருமலில் நுரை வரும். அல்லது மூளை வீங்கும்; நடை தள்ளாடும், பேச்சு குழறும், இடமும் நேரமும் மறந்துபோகும். அசெட்டசோலமைடு, டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் என்று மருந்துகள் உண்டு. நோயாளியை உள்ளே படுக்கவைத்து, காலால் பம்ப் மிதித்துக் காற்றடைக்கும் பை ஒன்றும் உண்டு. அதற்குள் ஓரிரு மணி நேரம் இருப்பது இருக்கும் இடத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டரோ அதற்கு மேலோ இறங்கியதற்குச் சமம். ஆனால் இவையெல்லாம் அவகாசம் வாங்கித்தருபவை. உறுதியான சிகிச்சை ஒன்றுதான்: கீழே இறக்குவது. யாத்ரீகரின் நேர்த்தியும் மருத்துவரின் மருந்தும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. ஒன்று ஏறச் சொல்கிறது. மற்றொன்று இறங்கச் சொல்கிறது.

இந்த நோய்க்கு மனிதர் தேடிய காரணங்கள் பல. இமயத்து மலைவாழ் மக்கள் நச்சுக் காற்று என்றார்கள், நச்சுப் பூக்களின் வாசம் என்றார்கள். ஆண்டிஸ் மலையைக் கடந்த இயேசு சபைப் பாதிரியார் ஹோசே தெ அக்கோஸ்தா, மனித மூச்சுக்கு அங்குள்ள காற்று அளவுக்கு மீறி மெல்லியது என்று 1590-ல் எழுதினார். பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர் அழுத்த அறைக்குள் செய்த சோதனைகளை 1878-ல் நூலாக வெளியிட்டு, ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதே காரணம் என்று நிறுவினார். காரணம் தெரிந்தபின்னும் பொருள் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. கயிலைப் பாதையில் விழுகிறவருக்கு அந்த வீழ்ச்சி என்ன? சோதனையா, பாவத்தின் பலனா, அருளா, வெறும் உடல்நிலையா?

பாவத்தின் பலன் என்ற விடைக்கு மகாபாரதமே சான்று போலத் தோன்றும். பாண்டவர்கள் கடைசிப் பயணமாக இமயத்தின் வடக்கே நடக்கையில் முதலில் திரௌபதி விழுகிறாள். பின் சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், கடைசியில் பீமன். ஒவ்வொரு முறையும் பீமன் காரணம் கேட்க, தருமன் விழுந்தவரின் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறான். காவியத்தில் இதற்கு ஆழ்ந்த இடம் உண்டு; உலகைத் துறந்தவர்களின் நடை அது. ஆனால் முகாமில் ஒருவர் வாந்தியெடுத்துப் படுத்திருக்கும்போது, கொடுப்பினை இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் சொல் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. அந்தச் சொல் தீங்கானது. அதற்கு அஞ்சியே பலர் தலைவலியை மறைக்கிறார்கள். யாருக்கு இந்த நோய் வரும் என்பதை உடல்வலுவை வைத்தும் சொல்ல முடியாது, ஒழுக்கத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஏறிய வேகமும், பிறவியிலேயே அமைந்த உடல்வாகும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. வேகமாக ஏறும் இளைஞர் படுத்துவிட, மெல்ல வந்த முதியவர் கணவாயைக் கடந்துவிடுவதும் உண்டு.

அருள் என்ற விடை இன்னும் கடினமானது. புண்ணிய பூமியில் உயிர் போவது பாக்கியம் என்று நம்புகிறவர் ஏன் இறங்கவேண்டும்? இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் நோன்புக்கு இந்த நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் உறையூரில் வடக்கிருந்தான்; நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்தார். சமணரின் சல்லேகனை இன்றும் நடைபெறுகிறது. இந்த நோன்புகளை அருகிலிருந்து கவனித்தால் ஒன்று தெரியும்: இவை அனைத்தும் தெளிந்த அறிவைக் கோருகின்றன. சல்லேகனை ஏற்கிறவர் குருவின் இசைவு பெறவேண்டும். பற்றும் பகையும் அச்சமும் இன்றி, நினைவு கலங்காமல் உணவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். கலங்கிய மனத்தோடு சாவது அங்கே நோன்பாகாது.

மூளை வீக்கம் கலைத்துப்போடுவது அந்தத் தெளிவைத்தான். மலையில் இதைக் கண்டறியும் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கூடாரத்துக்கு வெளியே மண்ணில் குச்சியால் ஒரு நேர்கோடு கிழிக்கிறார்கள். ஒரு காலின் விரல்நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து அந்தக் கோட்டின் மேலேயே நடக்கவேண்டும். முதல் இரண்டு அடி சரியாக விழும். மூன்றாவதில் இடுப்பு ஒரு பக்கம் சாயும். கைகள் தாமாக விரியும். நான்காவது அடி கோட்டுக்கு வெளியே போய்விழும். செருப்பு சரியில்லை, குளிரில் கால் மரத்துப்போச்சு, எனக்கு ஒன்றுமில்லை என்று நடந்தவர் சொல்வார். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றாது. தள்ளாட்டத்தை உணரவேண்டிய உறுப்பே தள்ளாடிக்கொண்டிருக்கிறது. மேலே போவேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கும்போது, பேசுவது ஊரில் நேர்ந்துகொண்டு புறப்பட்ட அந்த மனிதரா, ஆக்சிஜன் எட்டாத மூளையா என்பதே கேள்வி.

ஒரு மனிதரின் விருப்பத்துக்கு மாறாக அவரைத் தூக்கிச் செல்லலாமா என்பது மருத்துவ அறத்தில் எளிதில் தீராத வழக்கு. கயிலைப் பாதையிலோ அதற்கு ஒரு விடை முன்பே இருக்கிறது; அதுவும் சமயத்துக்குள்ளேயே இருக்கிறது. நேர்த்தி என்பதே இன்றைய மனிதர் நாளைய மனிதரைக் கட்டிப்போடும் செயல். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். நடுவில் மனம் மாறினாலும் காப்பு அவரைக் கட்டியிருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர் குருசாமி சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். தெளிவான நாளில் கொடுத்த வாக்கு கலங்கிய நாளில் வழிநடத்துகிறது. குழுவில் அனுபவமுள்ள ஒருவர் இறங்கு என்றால் மறுபேச்சில்லாமல் இறங்குவேன் என்று, சமவெளியிலேயே, சாமி சாட்சியாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவது அந்தக் கட்டுப்பாட்டின் தொடர்ச்சிதான். அப்படிச் சொன்னவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது அவர் விருப்பத்தை மீறுவதாகாது. அவருடைய முதல் விருப்பத்தைக் காப்பதாகும்.

இதில் அரசுக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி அமர்நாத்தில் எழுந்தது. 3,888 மீட்டர் உயரத்திலுள்ள அந்தக் குகைக்குப் போகும் வழியில் 2012-ல் யாத்ரீகர் பலர் இறந்ததை உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் இன்று அங்கே போக முடியாது. நம்பிக்கைக்கு வாசலில் காவல் நிறுத்துவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இஸ்லாத்தில் அந்தக் காவல் சமயச் சட்டத்திலேயே இருக்கிறது: ஹஜ் சென்றுவர இயன்றவருக்கே கடமை, நீங்காத நோயோ தள்ளாமையோ உள்ளவருக்குப் பதிலாக இன்னொருவர் செய்யலாம். ஆனால் சட்டம் விலக்கு தந்தாலும் மனம் விலக்குத் தருவதில்லை. 2024-ல் மக்காவின் கொடும் வெயிலில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியும், அதனால் நிழலும் வாகனமும் கிடைக்காமல் வெகுதூரம் நடந்தவர்கள்.

உடன் வருகிறவரின் கடமைதான் இவை எல்லாவற்றிலும் கனமானது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பௌத்த நூல்களைத் தேடி இந்தியா வந்த சீனத் துறவி பாஹியான், பனிமலை ஒன்றைக் கடக்கையில் தோழர் ஹுய்ஜிங்கை இழந்தார். வாயில் வெண்ணுரை தள்ள, தன்னால் இனி முடியாது, எல்லோரும் இங்கேயே சாகாமல் நீங்கள் போய்விடுங்கள் என்று அவர் சொன்னதாகவும், பாஹியான் உடலைத் தடவி அழுததாகவும் அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. நுரையீரலில் நீர் கோத்த நோயின் மிகப் பழைய வருணனை இதுவாக இருக்கலாம் என்று மருத்துவர் சிலர் கருதுகிறார்கள். பாஹியான் கூட்டத்தாரிடம் மருந்தும் இல்லை, தூக்கிச் செல்ல வழியும் இல்லை. தோழர் இறந்தபின்தான் மேலே நடந்தார்கள். தருமனும் தம்பியரைப் பார்க்காமல் நடந்தவன்தான். ஆனால் தேருடன் இந்திரன் வந்தபோது, கூட வந்த நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று நின்றான். காவியம் அவனைத் தேறியவனாக ஏற்பது நடந்ததற்காக அல்ல, நின்றதற்காக.

இன்றைய யாத்திரையில் நிற்பது என்றால் என்னவென்று தெளிவாகச் சொல்ல முடியும். தள்ளாடுகிறவரைத் தனியே இறங்கவிடக்கூடாது. வழியில் உட்கார்ந்து உறங்கிவிடுவார். குதிரைக்காரர் ஒருவரோடு மட்டும் அனுப்பிவைப்பதும் போதாது. மொழி தெரியாத இடத்தில் மயக்கம் முற்றுவதைச் சொல்ல ஆள் வேண்டும். ஆக, தெம்பாக இருக்கும் ஒருவர் தன் வலத்தை விட்டுவிட்டுக் கூடவே இறங்கவேண்டும். இறங்கும்படி நோய் தன்னை வற்புறுத்தாத நிலையில், பல வருடச் சேமிப்பையும் நேர்த்தியையும் விட்டு இறங்கும் அந்த ஒருவரைப் பற்றிப் புராணங்களில் அதிகம் பேச்சில்லை. பேசியிருக்கவேண்டும்.

திரும்பியவரின் யாத்திரை என்னவாயிற்று? டோல்மா லாவுக்குச் சற்றுமுன் ஷிவாட்சால் என்ற இடத்தில் யாத்ரீகர்கள் உடுத்திய துணியையோ ஒரு கற்றை முடியையோ விட்டுச் செல்கிறார்கள். சிலர் பிணம்போல் படுத்தெழுகிறார்கள். சாவை அடையாளமாகச் செய்து முடித்தால் போதும் என்று அந்த மலையின் மரபே வைத்திருக்கிறது. 6,638 மீட்டர் உயரமுள்ள கயிலையின் உச்சிமீது கால்வைக்க வழிபடுவோர் யாரும் நினைப்பதில்லை. அங்கே போகிற எல்லோரும் ஓரிடத்தில் நின்று திரும்புகிறவர்கள்தான்.

அப்பரின் கதையைச் சேக்கிழார் சொல்லும் விதம் இங்கே நிதானமாகப் படிக்கத்தக்கது. கயிலை நோக்கி நடந்த முதியவரின் பாதங்கள் தேய்ந்தன. கையால் தவழ்ந்தார், அதுவும் தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார், பின் புரண்டார், பின் அசைவற்றுக் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிட உடலுக்கு எட்டாத இடம், திரும்பிப் போ என்றான். அப்பர் மறுத்தார். அந்த மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்தாயா, அவர் இறங்கவில்லை என்று சொல்வோர் உண்டு. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இறைவன் முதலில் செய்தது காட்சி தருவதல்ல. தேய்ந்துபோன உடலை முழுதாக்கி எழச் செய்தான். பின் ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னான். அப்பர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அவருக்குக் காவிரிக் கரையில், தன் துணையோடு வந்த யானையிலும் பிற உயிர்களிலும் கிடைத்தது. சிவன் சொன்னபடி அவர் திரும்பிவிட்டார், கேட்டதையும் பெற்றுவிட்டார். திருவையாற்றுக் கோயிலில் வடகயிலாயம், தென்கயிலாயம் என்று இரண்டு சன்னதிகள் இருக்கின்றன. வடகயிலாயம் இராசராச சோழனின் தேவி உலகமாதேவி எடுப்பித்தது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அங்கே அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது.