அப்துல்லாஹ் எனும் பெயர் தாங்கியோர்

  

நம்மவர் கடைகளில் பற்று வரவுப் பேரேட்டைப் புரட்டினால் அப்துல்லா என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். நாகூர் அப்துல்லா, கடையநல்லூர் அப்துல்லா, பனைக்குளம் அப்துல்லா, ரொட்டிக்கடை அப்துல்லா, நெட்டை அப்துல்லா! ஊரையோ தொழிலையோ உடம்பையோ முன்னால் சேர்த்து எழுதாவிட்டால் ஒருவர் வாங்கிய பருப்பு மற்றவர் பற்றில் ஏறிவிடும். மாதக் கடைசியில் சண்டைதான். புதிதாக வரும் கணக்கப்பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம், பெயர் ஒன்றாயிருந்தாலும் பக்கம் வேறு என்பதே.

அப்துல்லாஹ் என்றால் அல்லாஹ்வின் அடிமை என்று பொருள். பெயர்களிலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானவை அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. அந்த பரக்கத்தை நாடித்தான் நாமும் பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சூட்டுகிறோம். மெத்தச் சரி. ஆனால் கடை வாசலில் மாட்டும் பெயர்ப் பலகையும் அழகான பலகைதான். உள்ளே சரக்கு எப்படி, படிக்கல் எப்படி என்பதை அது சொல்லாது. இந்த ஒரு பெயரைச் சுமந்தவர்கள் இஸ்லாமிய சரித்திரத்தில் எத்தனை விதமானவர்களாக இருந்தார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பெற்ற தந்தையார். அக்காலத்து மக்காவில் விக்கிரகங்களின் பெயரைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் இருந்தது. அப்துல் முத்தலிப் தம் மக்களில் ஒருவருக்கு அப்துல்லாஹ் என்றும், இன்னொருவருக்கு உஸ்ஸா என்னும் சிலையின் பெயரால் அப்துல் உஸ்ஸா என்றும் பெயர் வைத்தார். அந்த அப்துல் உஸ்ஸாதான் பிற்காலத்து அபூலஹப். அப்துல்லாஹ் அவர்களோ நம்மைப் போல் ஒரு வியாபாரி. ஷாம் நாட்டுப் பக்கம் வர்த்தகக் கூட்டத்தோடு போய்த் திரும்பும் வழியில் நோயுற்று, யத்ரிபில் உறவினர் வீட்டில் தங்கி, அங்கேயே காலமானார்கள். மக்காவில் ஆமினா அம்மையார் கர்ப்பிணியாகக் காத்திருந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொத்து ஐந்து ஒட்டகம், சில ஆடுகள், ஓர் அடிமைப் பெண். கடல் கடந்து வந்து கடை வைத்திருக்கும் நமக்கு, பிள்ளை முகம் பாராமல் வெளியூரில் கண்மூடுவது என்றால் என்னவென்று ஒருவர் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தவரும் வியாபாரியே. ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் இயற்பெயர் அப்துல்லாஹ் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜவுளி வியாபாரம் செய்தவர்கள். கலீபாவான பிறகும் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். வழியில் உமர் (ரலி) அவர்கள் மறித்து, முஸ்லிம்களின் பொறுப்பைச் சுமந்துகொண்டு வியாபாரமும் பார்ப்பது எப்படி என்று கேட்ட பிறகே, பைத்துல்மாலிலிருந்து அவர்களுடைய குடும்பத்துக்குப் படியளக்க ஏற்பாடாயிற்று. ஹிஜ்ரி 13-ல் (634) வபாத்தாகும் தறுவாயில், பொறுப்பேற்ற பின் தம்மிடம் கூடுதலாக வந்து சேர்ந்த பொருள் எதுவோ அதை அடுத்த கலீபாவிடம் ஒப்படைத்துவிடச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு வேலையாள், தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஒரு பழைய போர்வை. இதைக் கண்டு உமர் (ரலி) அழுதுவிட்டார்கள். பொதுப் பணத்தைக் கையாளும் சங்கத்துக் காரியஸ்தர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்கலாம்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மக்காவில் கூலிக்கு ஆடு மேய்த்த பையன். ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் அவ்வழியே வந்து குடிக்கப் பால் கேட்டார்கள். பால் இருக்கிறது, ஆனால் ஆடுகள் என்னிடம் அமானிதம், கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று மறுத்துவிட்டார். கேட்டவர் யார் என்று பாருங்கள். மறுத்தது எதற்காக என்றும் பாருங்கள். முதலாளி கண் மறைந்த நேரத்தில் கல்லாவில் உட்காரும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள். இந்த மேய்ப்பரே பின்னர் குர்ஆன் ஓதுவதில் ஸஹாபாக்களுக்கே உஸ்தாதாக விளங்கினார்.

தப்ஸீருக்கு அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி), சுன்னத்தை அடியொற்றி நடப்பதில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) என்று இன்னும் பலர் உண்டு. உலமாக்கள் இவர்களைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பதால் நான் வேறொருவரிடம் போகிறேன்.

அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள் ஒரு கவிஞர். கவிஞரிடம் கணக்கு வேலையைக் கொடுக்க நம்மில் யாருக்குத் துணிவு வரும்? நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 7-ல் (628) கைபர் வெற்றியான பின், அங்குள்ள யூதர்களே தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு விளைச்சலில் பாதியைத் தருவது என்று உடன்படிக்கை. மரத்திலிருக்கும் பேரீச்சங்காயைப் பார்த்து மகசூலை மதிப்பிட இப்னு ரவாஹா (ரலி) அனுப்பப்பட்டார்கள். தோட்டக்காரர்கள் தங்கள் பெண்களின் நகைகளைத் திரட்டி அவர்கள் முன் வைத்து, மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடும்படி வேண்டினார்கள். அவர்களோ, நீங்கள் எனக்கு வேண்டாதவர்கள்தாம், ஆயினும் அந்த வெறுப்பு உங்களுக்கு அநியாயம் செய்ய என்னைத் தூண்டாது, இந்த லஞ்சமோ ஹராம், அதை நாங்கள் தின்பதில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். வானமும் பூமியும் நிலைத்து நிற்பது இந்த நீதியால்தான் என்று அந்த யூதர்களே ஒப்புக்கொண்டார்களாம். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இது இருக்கிறது. பிடித்தவருக்கு ஒரு நிறுவை, பிடிக்காதவருக்கு ஒரு நிறுவை என்பது கடைத் தெருவில் புதிய வியாதி அல்ல. அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 8-ல் (629), மூத்தா யுத்தத்தில் ஜைத் (ரலி), ஜஃபர் (ரலி) இருவரும் வீழ்ந்தபின் கொடியை ஏந்திய மூன்றாம் தளபதி இந்தக் கவிஞரே. அங்கேயே ஷஹீதானார்கள்.

ஸஹாபாக்கள் காலத்தைத் தாண்டி வந்தால், குராஸான் நாட்டு மெர்வ் நகரத்து அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) நிற்கிறார்கள். ஹிஜ்ரி 118-ல் பிறந்து 181-ல் (797) மறைந்தவர்கள். ஹதீஸ் கலையில் இமாம். அதே சமயம் பெரிய வியாபாரி. தாம் சரக்கு ஏற்றி அலைவது இல்மைத் தேடுவோர் பிறரிடம் கையேந்தாமல் இருப்பதற்காகவே என்று கருதி, லாபத்தை ஆலிம்களுக்கு வாரி வழங்கியவர்கள். ஷாம் தேசத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய ஓர் எழுதுகோல் தம் மூட்டையோடு மெர்வ் வரை வந்துவிட்டதைக் கண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கவே மறுபடியும் ஷாமுக்குப் பயணப்பட்டார்கள் என்பது பிரசித்தம். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய ஹஜ்ஜுப் பயணம்.

ஹஜ்ஜுக் காலம் வந்ததும் மெர்வ் நகரத்தார் கூட வரக் கிளம்புவார்கள். அவரவர் வழிச்செலவுப் பணத்தை வாங்கி, ஒவ்வொரு பையிலும் உரியவர் பெயரை எழுதி, ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு போக்குவரத்து, நல்ல உணவு, நல்ல உடை எல்லாம் சிறப்பாக நடக்கும். மதீனாவிலும் மக்காவிலும், வீட்டார் என்னென்ன வாங்கி வரச் சொன்னார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு வாங்கிக் கொடுப்பார்கள். எல்லாம் இந்தப் பைப் பணத்தில் நடக்கிறது என்றே கூட வந்தவர்கள் எண்ணியிருப்பார்கள். ஊர் திரும்பி, விருந்தும் வைத்த பிறகு பெட்டியைத் திறந்தால் பைகள் கட்டுப் பிரியாமல் இருக்கும். பெயரைப் பார்த்துப் பார்த்து அவரவர் பையை அவரவரிடம் கொடுத்துவிடுவார்கள். பேரேடு எழுதும் மனிதனுக்கு இதைக் கேட்டால் கண் கலங்காதா?

நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலும் ஓர் அப்துல்லாஹ் உண்டு. 1796-ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்! முன்னோர் யமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண் கட்டியவர். ஆக, நமக்கும் அவருக்கும் தொப்புள்கொடி உறவு இருக்கிறது. அக்கால மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது வழக்கம். கணக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் வேண்டியிருந்தது. முன்ஷியும் அப்படித் தமிழ் படித்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு ஓதிக் கொடுத்ததால் இளம் வயதிலேயே முன்ஷி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராக இருந்தார். 1849-ல் அச்சான அவருடைய ஹிக்காயத் அப்துல்லாஹ் மலாய் உரைநடைக்கே புது வழி காட்டிற்று. 1854-ல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர் ஊர் திரும்பவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்று தமிழில் ஒரு பற்றுச்சீட்டு எழுத வருகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதரின் ஞாபகம் வரும்.

இத்தனை அப்துல்லாஹ்க்களைச் சொன்னேன். ஒருவரை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். அதற்கு நாம் மீண்டும் மதீனாவுக்கே போக வேண்டும்.

முனாஃபிக்குகளின் தலைவன் பெயரும் அப்துல்லாஹ்தான்! அப்துல்லாஹ் இப்னு உபை. நாயகம் (ஸல்) ஹிஜ்ரத் செய்து வருவதற்கு முன் யத்ரிப் மக்கள் இவனுக்கு முடிசூட்ட இருந்தார்கள். அது கைநழுவிய வயிற்றெரிச்சல் சாகும்வரை தீரவில்லை. உஹது யுத்தத்துக்குப் புறப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரில் முந்நூறு பேரை நடுவழியில் பிரித்துக்கொண்டு திரும்பியவன் இவன். பனூ முஸ்தலிக் பயணத்தின்போது, மதீனா திரும்பியதும் கண்ணியமுள்ளவன் இழிந்தவனை வெளியேற்றுவான் என்று, தன்னைக் கண்ணியவானாக வைத்துப் பேசினான். ஸூரா முனாஃபிகூனில் அல்லாஹ் அதை அம்பலப்படுத்தினான்.

இவனுக்கு ஒரு மகன். முதலில் ஹுபாப் என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்களே அதை மாற்றி அப்துல்லாஹ் என்று வைத்தார்கள். தகப்பன் பெயரும் அப்துல்லாஹ், மகன் பெயரும் அப்துல்லாஹ். மகனோ பத்ரில் கலந்துகொண்ட உண்மை முஃமின். தந்தை பேசிய பேச்சு தெரிந்ததும் மதீனாவின் வாசலில் மறித்து நின்று, இழிந்தவர் தாமே, கண்ணியமிக்கவர் றஸூலுல்லாஹ்வே என்று ஒப்புக்கொண்டாலன்றி உள்ளே விடமாட்டேன் என்றார். ஒப்புக்கொண்ட பிறகே வழி கிடைத்தது.

அத்தோடு விடவில்லை. என் தந்தைக்கு மரண தண்டனை என்று பேச்சு அடிபடுகிறதே, அப்படியானால் என்னிடமே உத்தரவிடுங்கள். வேறொருவர் கொன்றால், அவர் என் கண்முன் நடமாடுவதைப் பொறுக்காமல் ஒரு முஃமினைக் கொன்று நரகத்துக்குப் போய்விடுவேனோ என்று அஞ்சுகிறேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பெற்றோருக்குப் பணிவதில் கஸ்ரஜ் கோத்திரத்தில் தமக்கு நிகரில்லை என்று பெயரெடுத்த பிள்ளை இது. அந்த மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, அவர் நம்மோடு இருக்கும்வரை மென்மையாகவே நடந்துகொள்வோம் என்று ஆறுதல் சொன்னார்கள்.

ஹிஜ்ரி 9-ல் தகப்பன் இறந்தான். மகன் ஓடி வந்து, கபனிடத் தங்கள் சட்டையைத் தாருங்கள் என்று நாயகத்திடம் கேட்டார். கொடுத்தார்கள். உமர் (ரலி) தடுத்தும் ஜனாஸாத் தொழுகையும் நடத்தினார்கள். இனி முனாஃபிக்குகளுக்குத் தொழுவிக்க வேண்டாம் என்ற கட்டளை அதன் பின்பே ஸூரா தௌபாவில் இறங்கியது. சட்டை விஷயத்தில் ஒரு பழைய கணக்கும் உண்டு. பத்ரில் கைதியாக வந்த நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸ் அவர்களுக்கு உடம்பில் சட்டையில்லை. உயரமான மனிதர், யாருடைய சட்டையும் சேரவில்லை, இப்னு உபையின் சட்டைதான் சேர்ந்தது. அந்தக் கடனையே நாயகம் (ஸல்) தீர்த்தார்கள் என்று ஹதீஸ் அறிவிப்பாளர்கள் கருதுகிறார்கள். பகைவனிடம் பட்ட ஒரு சட்டைக் கடன்கூட அவர்கள் ஏட்டில் விடுபடவில்லை.

சகோதரர்களே, நம்மிடையே நடப்பதைப் பாருங்கள். ஒருவர் தொழில் முறிந்து, மொத்தக் கடைகளில் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். பத்தாண்டு கழித்து அவர் மகன் ஒரு சின்னக் கடை வைக்கிறான். சரக்குக் கேட்டுப் போனால், இன்னார் மகன்தானே நீ என்று கேட்டு, பேரேட்டை மூடிவிடுகிறோம். பெண் பேசப் போனாலும் அதே கேள்வி. மையித்து விட்டுச் சென்ற கடனை அவர் சொத்திலிருந்து தீர்க்க வேண்டும் என்பது ஷரீஅத், அதில் பேச்சில்லை. தகப்பனின் நாணயக் குறைவையும் மகன் பக்கத்தில் பற்று எழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மறுபக்கமும் உண்டு. பெரிய முதலாளியின் மகன் என்பதற்காகவே, பையனின் கை சுத்தமா என்று பாராமல் ஆயிரக்கணக்கில் கடன் கொடுத்துவிட்டுப் பின்னர் தலையில் கை வைத்துக்கொள்கிறவர்களும் நாம்தாம்.

அப்துல்லாஹ்வின் மகன் அப்துல்லாஹ்வை, இன்னான் மகன் என்று மதீனாவில் யாரும் ஒதுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்து, அபூபக்ர் (ரலி) அவர்களின் கிலாபத்தில், பொய்யன் முஸைலமாவை எதிர்த்து யமாமாவுக்குப் படை புறப்பட்டபோது அதில் அவரும் போனார். ஹிஜ்ரி 12-ல் அந்தக் களத்தில் ஷஹீதானார்.