மவுத்தைப் பாடுவது ஈமானுக்கு முரணா?

கறுப்பு உடை, வெளிறிய முகப்பூச்சு, கபுறையும் வௌவாலையும் பாடும் பாட்டு. கோத் றொக் இசையைக் காதில் மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளையைக் கண்டால், ஈமான் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வது இலகு. ஆனால் மவுத்தை அடிக்கடி நினைக்கச் சொன்னதும், மறுமை நினைவு வருவதற்காகக் கபுறுகளைச் சியாரத் செய்யச் சொன்னதும் நம்முடைய மார்க்கமே. இமாம் கஸ்ஸாலி தமது ‘இஹ்யா’வின் நாற்பதாவது, இறுதிப் பகுதியை மவுத்தின் நினைவுக்கே ஒதுக்கினார். ஆகவே ஒரு பாட்டு மவுத்தைப் பேசுகிறதா என்பதல்ல, அந்தப் பேச்சு மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த இசையின் தொடக்கத்தையே சான்றாக எடுப்போம். 1978 இன் இறுதியில் இங்கிலாந்தின் நோதம்ப்டன் நகரில் ‘பௌஹவுஸ்’ குழு உருவானது. அச்சகத் தொழிலாளியாக இருந்த பீட்டர் மர்பி பாடகர். டேனியல் ஆஷ் கித்தார். டேவிட் ஜே, கெவின் ஹாஸ்கின்ஸ் சகோதரர்கள் பேஸும் ட்ரம்ஸும். குழு தொடங்கிச் சில வாரங்களிலேயே, 1979 ஜனவரி 26 அன்று, வெலிங்பரோவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘பெலா லுகோசிஸ் டெட்’ பாட்டைப் பதிவுசெய்தார்கள். ஒன்பது நிமிடங்களைத் தாண்டும் அந்தப் பாட்டில், எதிரொலிக்கும் ட்ரம்ஸும் படியிறங்கும் பேஸும் கித்தாரின் உரசலும் மட்டுமே ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஒலிக்கின்றன. அதன் பிறகுதான் மனிதக் குரல் வருகிறது. ‘ஸ்மோல் வொண்டர்’ என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. 1980 இல் வந்த முதல் அல்பத்தை இசை வார இதழ்கள் கடுமையாகத் தாக்கின. குழுவோ தன் வழியை மாற்றவில்லை.

இது மரணத்தை அழகுபடுத்தி விரக்தியை வளர்க்கும் இசை என்பது முதல் ஆட்சேபம். அப்படிப்பட்ட பாட்டுகள் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டின் நாயகன் 1931 இல் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி. 1956 இல் இறந்தபோது அந்த வேடத்தின் மேலங்கியோடுதான் அவர் அடக்கப்பட்டார். சாகாத பாத்திரமாக நடித்தவரும் செத்தார். புகழ் மனிதனை மவுத்திலிருந்து காப்பாற்றாது என்ற இந்த உண்மை ஜும்ஆ மிம்பரிலும் ஒலிப்பதுதானே?

இசையே ஹறாம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இசைக்கருவிகளைத் தடுத்த உலமாக்கள் பலர். இப்னு ஹஸ்ம் அனுமதித்தார். கஸ்ஸாலி நிபந்தனைகளோடு ஏற்றார். தடுப்பவரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் ஃபிக்ஹில் கருத்து வேறுபாடுள்ள ஒரு விடயத்தை அகீதாவின் அளவுகோலாக்கி, கேட்பவனின் ஈமானை மறுப்பது நியாயமல்ல. கத்தோலிக்கராக வளர்ந்த பீட்டர் மர்பி பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்றுத் துருக்கியில் குடியேறினார். சூஃபி இசை மரபில் ஊறிய மெர்ஜான் தெதேயுடன் இணைந்து 2002 இல் ‘டஸ்ட்’ அல்பத்தைத் தந்தார். கோத் இசைதான் அவரை இங்கே கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. மற்ற மூவரும் அந்த வழியில் வரவில்லை. ஆனால் அந்த இருட்டுப் பாட்டு அவருக்கு வழியை அடைக்கவில்லை என்பது உறுதி.

கல்முனைக் கரையோரத்தில், 2004 டிசம்பர் 26 சுனாமியின் ஜனாஸாக்களைச் சுமந்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று வளர்கிறார்கள். மவுத்தைப் பற்றி அவர்களுக்குள் கேள்விகள் இருப்பது இயல்பு. பெற்றோரே, கதீப்மாரே, அந்தப் பாட்டில் என்ன கேட்கிறாய் என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். பயானை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.