காலம் கடந்த கடனும் மனச்சான்றும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். ஆகவே, பழைய கடனைக் கட்டத்தான் வேண்டுமா என்னும் வினா வெறும் கணக்கு வினா அன்று, அற வினாவுமாகும்.

கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் நோயுற்றவர் தோட்டத்து டிரஸரிடம் சென்றார். கடன் என்பது மளிகைக் கடைப் புத்தகத்திலும் லயத்து அண்டை வீட்டாரின் நினைவிலும் இருந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பின்னர், அடுத்த தலைமுறை தொழிற்சாலை வேலைக்குச் சென்றது.

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. எனினும் உயிருக்கு அஞ்சித் தனியார் மருத்துவமனையை நாடிய குடும்பங்கள் உண்டு. அவ்வாறு வாங்கிய கடன் வங்கிக் கடனாயின், பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் அண்மைய பன்னிரண்டு மாதத் தவணை விவரம் தெரியும். வழக்குத் தொடரப்பட்டிருந்தால், சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் அறிக்கையிலும் அது இடம்பெறலாம். வீட்டுக் கடன் கேட்டுச் செல்லும் நாளில், பழைய நோய் மீண்டும் தலைகாட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கடன்பட்டவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அக்கணக்குப் புதிதாகத் தொடங்கக்கூடும். காலவரம்பு வழக்கைத் தடுக்கிறது, கடனை அழிப்பதில்லை. சட்டத்தின் வாயில் மூடியபின் மனச்சான்றின் வாயில் மட்டும் திறந்து நிற்கிறது.

அவ்வாறாயின், எல்லாப் பழங்கடனையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது. சூதாட்டத்திற்குப் பட்ட கடனும் தாயின் உயிர் காக்கப் பட்ட கடனும் ஒன்றல்ல. பழங்காலப் பாபிலோனின் ஹம்முராபி சட்டத்திலேயே, வறட்சியால் விளைச்சல் இழந்த உழவன் அவ்வாண்டு கடனைச் செலுத்த வேண்டியதில்லை என்னும் விதி இருந்தது. இந்து சட்டத்தில் ‘தம்துபட்’ என்னும் விதி, ஒரே வேளையில் பெறும் வட்டி முதலை மிஞ்சலாகாது எனக் கட்டுப்படுத்தியது. நம் காலத்திலும் அமெரிக்காவின் மூன்று பெரிய கடன்பதிவு நிறுவனங்கள், ஐந்நூறு டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடன் வசூல்களைத் தம் அறிக்கைகளிலிருந்து 2023இல் நீக்கின. நோய் ஒருவர் நாடிச் சென்ற குற்றமன்று என்னும் உணர்வே இவற்றின் அடியில் உள்ளது.

ஆயினும், இரக்கம் கடன்பட்டவருக்கு மட்டும் உரியது எனக் கருதுவதும் நேர்மையாகாது. தன் நகையை அடகுவைத்துப் பணம் தந்த அண்டை வீட்டு மூதாட்டிக்கு எந்த அறிக்கையும் இல்லை. வழக்குத் தொடரவும் வழி அறியார். ஆறு ஆண்டு கடந்தது எனக் கூறி அவரை மறப்பது, சட்டத்திற்குப் பொருந்தும், அறத்திற்குப் பொருந்தாது. வழக்குத் தொடரத் தெரிந்தவருக்கு முதலில் கட்டுவதும், தெரியாதவரைக் கடைசியில் நிறுத்துவதும் அச்சத்தின் கணக்கு. அறத்தின் கணக்கு அதற்கு நேர்மாறானது.

தந்தையின் கடன் பற்றிய ஐயமும் எழும். பிணை நின்றாலன்றி, பிள்ளை தன் சொந்தப் பொருளிலிருந்து அதைத் தீர்க்கச் சட்டம் வற்புறுத்தாது. தந்தை விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு அது நிற்கும். அதற்கு மேலும் பிள்ளை தானாகத் தருவது பெருமை. தராதவரைப் பழிப்பது சிறுமை.

எனவே, பழங்கடன் எதிரே வரும்போது முதலில் பதிவு உண்மையா என ஆராய்தல் வேண்டும். பிழையிருப்பின் திருத்தம் கோருவதற்கு 2010ஆம் ஆண்டின் கடன்தகவல் நிறுவனச் சட்டம் வழி தருகிறது. காலம் கடந்ததா என்பதை அறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். அதன்பின், மெய்யாகவே பட்ட கடனை இயன்ற அளவில், கேட்க வலிமையற்றவர் தொடங்கித் தீர்க்க வேண்டும்.

கடன் கொடுத்தவரும் ஒன்று எண்ணிப் பார்த்தல் நன்று. நோயிலிருந்து எழுந்தவனை ஆயுள் முழுவதும் தலைகுனிய வைக்கும் பதிவு, பணத்தையும் மீட்பதில்லை; மனிதனையும் மீட்பதில்லை.